மருந்து கொடுத்தும் ஏழு வாரத்தில் திரும்பும் கீரிப்பூச்சி

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஜூன் கடைசியில் ஒருநாள் நடுராத்திரியில் எழுந்து, "அம்மா, பின்னாடி கடிக்குது" என்று அழுதிருக்கிறாள். மறுநாள் மலத்தில் வெள்ளை நூல் போல ஏதோ நெளிந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "கீரிப்பூச்சி" என்றார். மருந்துக் கடையில் சொல்லி 10 மி.லி. பூச்சி மருந்து சிரப் வாங்கி ஒரே வேளையில் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. ஆகஸ்ட் நடுவில் மறுபடியும் அதே அழுகை. அந்த வாரமே பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்க, அதுவும் அடங்கியது. அக்டோபர் முதல் வாரத்தில் மூன்றாவது முறை. மலப் பரிசோதனை செய்து பார்த்தால் 'முட்டை, புழு எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு காரணம். மாமியார் சாக்லேட்டைச் சொல்கிறார். கணவர் வளர்ப்பு நாயைச் சொல்கிறார், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். எதிர்வீட்டு அம்மா தினம் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். வகுப்பில் பிள்ளை சொறிவதைப் பார்த்த ஆசிரியை, "சரியான பிறகு அனுப்புங்கள்" என்று டைரியில் எழுதிவிட்டு, அவளைத் தனியே கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். இதற்கிடையில் இந்தத் தாய் ஒன்பது வார கர்ப்பிணி. ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறான். கடைசி பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அவள் சொறிந்துகொண்டே அழுதபோது கோபத்தில் அடித்துவிட்டேன். வீட்டை இவ்வளவு துடைத்தும் ஏன் வருகிறது? இதைவிட பவரான மருந்து இருக்கிறதா? வயிற்றை ஸ்கேன் பண்ண வேண்டுமா? என் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். அவள் வேண்டுமென்று சொறியவில்லை. கீரிப்பூச்சியின் பெண் புழு பகல் முழுக்கப் பெருங்குடலில் இருக்கும். பிள்ளை தூங்கியபின் ஆசனவாய்க்கு வெளியே ஊர்ந்து வந்து, சுற்றியுள்ள தோல் மடிப்புகளில் முட்டையிடும். ஒரு புழு 10,000 முட்டை வரை இடும். புழு ஊர்வதாலும் முட்டையோடு ஒட்டும் பசையாலும் வருகிற அரிப்பைப் பெரியவர்களாலேயே பொறுக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளை தூக்கத்தில் என்ன செய்வாள்? நீங்களும் தூக்கமில்லாமல், மசக்கையோடு, ஆளுக்கொரு குறை சொல்லும் வீட்டில் இருக்கிறீர்கள். அடித்துவிட்டோமே என்று உங்களை நீங்களே வாட்டிக்கொள்ள வேண்டாம். பிள்ளையை மடியில் வைத்து, "உன் மேல தப்பு இல்லம்மா, பூச்சிதான் கடிக்குது, மருந்து சாப்பிட்டா போயிடும்" என்று சொல்லுங்கள். அவளுக்கு இந்த வார்த்தை மருந்துக்குச் சமம்.

அடுத்தது உங்கள் கேள்வி. 'பவரான' மருந்து தேவையில்லை. நீங்கள் கொடுத்த மருந்து வேலை செய்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஜூன் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையே ஏறக்குறைய ஏழு வாரம். ஆகஸ்ட் நடுவுக்கும் அக்டோபர் முதல் வாரத்துக்கும் இடையே மறுபடி ஏழு வாரம். விழுங்கிய ஒரு முட்டை குடலில் பொரித்து, வளர்ந்து, பெண் புழுவாகி முட்டையிட வெளியே வருவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். அதாவது, மருந்து ஒவ்வொரு முறையும் வயிற்றிலிருந்த புழுக்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் அதே நாட்களில் உங்கள் மகள் புதிதாக முட்டைகளை விழுங்கியிருக்கிறாள். அவை வளர்ந்து வரத்தான் இந்த ஏழு வாரம்.

அந்த முட்டைகள் எங்கே இருந்தன? அவளுடைய நக இடுக்கில், ஜட்டியில், பாயில், தலையணை உறையில். அதோடு, இதை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், அநேகமாக வீட்டில் மற்றவர்களின் உடம்பிலும். உங்கள் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத வரி ஒன்றுதான்: "வீட்டில் எல்லோரும் மருந்து சாப்பிட்டோம்." இரண்டு முறையும் அவளுக்கு மட்டும்தான் மருந்து போயிருக்கிறது. அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே வேளை.

"டெஸ்ட்டில்தான் ஒன்றும் இல்லையே?"

உங்கள் கணவர் கேட்கும் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மலப் பரிசோதனை இந்தப் புழுவுக்கு ஏற்ற பரிசோதனை அல்ல. உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவை குடலுக்குள் முட்டையிடும், அதனால் மலத்தில் முட்டை தெரியும். கீரிப்பூச்சி வெளியே வந்து தோலில் இடுவதால், நூறு பேருக்கு மலத்தைச் சோதித்தால் ஐந்து முதல் பதினைந்து பேருக்குத்தான் தெரியும். ஸ்கேனில் இது தெரியாது. அந்தச் செலவு வேண்டாம்.

இதற்கென்று ஒரு எளிய பரிசோதனை உண்டு. காலையில் பிள்ளை எழுந்ததும், குளிப்பதற்கும் கழிவறை போவதற்கும் முன்னால், நிறமில்லாத செல்லோ டேப்பை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தி எடுக்க வேண்டும். அதைப் பரிசோதனைக் கூடத்தில் முன்பே வாங்கி வைத்த கண்ணாடித் துண்டில் சுருக்கமில்லாமல் ஒட்டிக் கொடுத்தால், நுண்ணோக்கியில் ஒருபக்கம் தட்டையான முட்டைகள் தெரியும். ஒரு நாள் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் பிடிபடும். தொடர்ந்து மூன்று காலை எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குப் பிடிபடும்.

உங்கள் வீட்டில் அதுவும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பாப்பா தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் அடித்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தையல் நூலை நறுக்கிப் போட்டது போல வெள்ளையாக ஒன்று நெளியும். கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மருந்து சாப்பிட மாட்டேன் என்று அவர் சொல்ல மாட்டார். என்னிடம் வரும் பல வீடுகளில் இப்படித்தான் நடந்திருக்கிறது.

நாயும் சாக்லேட்டும்

நாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். கீரிப்பூச்சிக்கு மனித உடல் ஒன்றுதான் இருப்பிடம். நாய்க்கும் பூனைக்கும் இது வராது, அவற்றிடமிருந்து நமக்கும் வராது. நாய்க்கு வேறு வகைக் குடற்புழுக்கள் உண்டு. அவற்றில் சில பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடியவை என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டி அதற்குரிய பூச்சி மருந்தைக் காலாகாலத்தில் கொடுங்கள். அது தனி விஷயம்.

சாக்லேட்டிலிருந்தோ வெல்லத்திலிருந்தோ புழு உண்டாகாது. முட்டை வாய்க்குள் போனால்தான் புழு. இனிப்பு தின்னும் பிள்ளை விரலைச் சப்பும், அவ்வளவுதான் தொடர்பு. உங்கள் மாமியாரிடம், "அத்தை, நீங்க சொன்னபடி இனிப்பைக் குறைச்சிடறேன், கூடவே எல்லாரும் மருந்தும் சாப்பிட்டுடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பல்லுக்கும் நல்லது, வீட்டிலும் மனத்தாங்கல் வராது.

வேப்பெண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிறு பிள்ளைகளுக்கு வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்து வலிப்பும், கல்லீரல், மூளைப் பாதிப்பும் வந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒன்றரை வயது மகனுக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்க வேண்டாம். கற்பூரம், மண்ணெண்ணெய் எதையும் அந்த இடத்தில் தடவவும் வேண்டாம். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கினால் பிள்ளையின் உடம்பில் நீர்ச்சத்துதான் போகும். முட்டை நக இடுக்கில் இருக்கிறது. படுக்கும் முன் அரிப்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். புழு சாகாது, எரிச்சல் குறையும், பிள்ளை தூங்குவாள்.

முதல் நாளும் பதினைந்தாம் நாளும்

நாள்காட்டியில் ஒரு சனிக்கிழமையையும், அதிலிருந்து சரியாக இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமையையும் வட்டம் போட்டு வையுங்கள். முதல் சனிக்கிழமை இரவு, உங்களைத் தவிர வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து சாப்பிட வேண்டும். அரிப்பு இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே வேண்டாம். இந்தப் புழு உள்ள பலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் அவர்களிடமிருந்தும் பரவும்.

வழக்கமாக நாங்கள் எழுதுவது அல்பெண்டசோல். பெரியவர்களுக்கும் உங்கள் மகளுக்கும் 400 மில்லிகிராம், ஒரு வேளை. ஒன்று முதல் இரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு 200. உங்கள் மகனைக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, எடை பார்த்து, அவர் எழுதித் தந்த பிறகு கொடுங்கள். அவனுக்கு முழு மாத்திரையை வாயில் போடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், இல்லையென்றால் சிரப். மாமியாருக்கு வலிப்பு நோயோ கல்லீரல் கோளாறோ இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். மற்றபடி சிலருக்கு லேசான வயிற்று வலி, குமட்டல், தலைவலி வந்து ஒரு நாளில் போய்விடும். "பூச்சி மருந்து சூடு" என்று பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் மலத்தில் புழு தெரியவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை.

இரண்டாம் சனிக்கிழமை எல்லோரும் அதே அளவை மறுபடி சாப்பிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மருந்து வளர்ந்த புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முதல் வேளையின்போது முட்டையாகவோ குஞ்சாகவோ இருந்து தப்பியவை இரண்டு வாரத்தில் மருந்துக்குப் பிடிபடும் அளவுக்கு வளர்ந்திருக்கும், ஆனால் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் அடிப்பதுதான் இரண்டாம் வேளை. பிள்ளை சொறியவில்லை, நன்றாக இருக்கிறாள் என்று தோன்றும்போதுதான் அந்த நாள் வரும். அப்போதும் கொடுங்கள்.

பள்ளியில் கொடுத்த மாத்திரை ஏன் போதவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே அல்பெண்டசோல்தான். 2015-ல் தொடங்கி, இப்போது நாடு முழுவதும் நடக்கும் குடற்புழு நீக்கத் திட்டம் மண்ணின் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றைக் குறிவைத்தது. ரத்தசோகையைக் குறைக்கும் மிக நல்ல திட்டம் அது, ஒவ்வொரு முறையும் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைக்கு மட்டும் ஒரு வேளை என்ற கணக்கு, வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் பரவும் கீரிப்பூச்சிக்குப் போதாது.

வீட்டைத் துடைப்பதும் உதறுவதும்

நீங்கள் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. "தினமும் காலையில் பாய், போர்வை எல்லாவற்றையும் நன்றாக உதறித்தான் மடிக்கிறேன்." நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான், சுத்தம் என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் இந்தப் புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, தூசியை விட லேசானது. உதறினால் காற்றில் பறந்து தட்டிலும் தண்ணீர்க் குடத்திலும் படியும், மூச்சோடும் உள்ளே போகும். இந்த இரண்டு வாரமும் உதறாதீர்கள். போர்வையை அப்படியே உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துப்போய் நனைத்துவிடுங்கள். பாயை மொட்டைமாடியில் வெயிலில் விரித்துவிடுங்கள். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் முட்டை இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். காய்ச்சும் வெயிலை அது தாங்காது. அறையைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

மருந்து சாப்பிட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எல்லோருடைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, உள்ளாடைகளையும் கை பொறுக்காத சூட்டில் வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். இதை உங்கள் கணவர் செய்யட்டும். மசக்கையோடு நீங்கள் வாளி தூக்க வேண்டாம். அதன்பின் தினமும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பிள்ளையை இடுப்புக்குக் கீழே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குளிப்பாட்டினால் இன்னும் நல்லது. இரவில் இட்ட முட்டை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், அதனால் மாலைக் குளியல் இதற்கு உதவாது. கழுவிய உடனே ஜட்டியை மாற்றுங்கள். இரவில் இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள், தூக்கத்தில் சொறிந்தாலும் விரல் நேராகப் படாது. எல்லோருக்கும் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சாப்பிடும் முன்பும் கழிவறை போய்வந்த பின்பும், நீங்கள் மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் முன்பும், சோப்புப் போட்டு நக இடுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கையால் கழுவுகிறவர்கள். அதனால் இதில் தளர்வு கூடாது. சானிடைசர் இந்த முட்டையைக் கொல்லாது.

இவ்வளவு சொல்வதால் உங்கள் வீடு அழுக்கு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாளிகையில் வளரும் பிள்ளைக்கும் இது வரும். பணக்கார நாடுகளிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் சர்வசாதாரணமாகக் காணப்படும் குடற்புழு இதுதான். பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் இடத்தில் இது பரவும்.

உங்கள் வயிற்றில் உள்ள குழந்தை

இந்தப் புழு குடலை விட்டு ரத்தத்துக்குள் போவதில்லை. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைத் தொடாது. உங்களுக்கு இப்போது ஒன்பது வாரம் என்பதால், முதல் மூன்று மாதம் முடியும்வரை அல்பெண்டசோல் உங்களுக்கு வேண்டாம். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்களே என்று நீங்களும் எடுத்துவிடாதீர்கள். கை கழுவுவது, காலைக் குளியல், உள்ளாடை மாற்றுவது ஆகியவற்றை நீங்களும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

நான்காம் மாதம் தொடங்கியதும், கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஒரு அல்பெண்டசோல் மாத்திரை தருவது வழக்கம். உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட்டு அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டாம் வேளை வேண்டுமா என்பதையும் அவரே சொல்வார். அதற்குள் உங்களுக்கு அரிப்பு வந்தாலோ மகளுக்குத் திரும்பினாலோ, வீட்டில் எல்லோருக்கும் இன்னொரு சுற்று தேவைப்படலாம். அது மருந்தின் தோல்வி அல்ல. உங்களுக்கு மட்டும் மருந்து தள்ளிப்போனதால் வரக்கூடியது.

பள்ளிக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். கீரிப்பூச்சிக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைப்பதால் தொற்றும் நிற்காது, பிள்ளை மனம்தான் நொறுங்கும். ஆசிரியை மேல் கோபப்படாமல், மருந்து கொடுத்தபின் வரும் திங்கட்கிழமை நேரில் போய்த் தனியாகப் பேசுங்கள். "வீட்டில் எல்லோரும் மருந்து எடுத்துவிட்டோம், இரண்டு வாரத்தில் இன்னொரு வேளை இருக்கிறது. மதிய உணவுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். இவளை மற்றவர்களோடு உட்கார வையுங்கள்" என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். இப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அவளோடு தினம் விளையாடும் பிள்ளைகளின் வீட்டாரிடம் சொல்வது சங்கடமாக இருக்கும். ஆனால் நெருங்கிய ஒருவர் இருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளை ராத்திரி அழுதுகொண்டிருக்கலாம்.

இன்னொன்று. பெண் பிள்ளைகளுக்கு இந்தப் புழு சில சமயம் முன்பக்கமும் போய்விடும். சிறுநீர் போகும்போது எரிச்சல், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போவது, வெள்ளைப்படுவது, காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் பூச்சி மருந்தோடு நிறுத்தாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடித்தாலோ, ஆசனவாயைச் சுற்றிப் பளிச்சென்று சிவந்திருந்தாலோ, ரத்தம் பட்டாலோ நேரில் காட்டியாக வேண்டும். பாக்டீரியாத் தொற்று, சொறி சிரங்கு, மலச்சிக்கலால் வரும் வெடிப்பு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றுக்குப் பூச்சி மருந்து பயன்படாது.

இரண்டு சனிக்கிழமையும் எல்லோரும் சரியாகச் சாப்பிட்டு, அதன்பின் இரண்டு மாதம் அரிப்பு இல்லை என்றால் இந்தச் சுற்று முடிந்தது. மறுபடி வந்தால், மருந்துக் கடைக்குப் போகாமல் மூன்று நாள் காலையில் எடுத்த டேப்போடு மருத்துவரிடம் போங்கள்.